தம்பி எடுத்துக்கொண்ட முகம்

ஈப்போவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். ஒரு சனிக்கிழமை மத்தியானம், முதலாளி தவுக்கே சாப்பிடப் போயிருந்த நேரத்தில், ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் கடைக்குள் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் புடவைக்கடைப் பை. என்னைப் பார்த்ததும், வெகுநாள் பழகியவரைப் பார்த்ததுபோலச் சிரித்தார்.

"என்ன வேணும் அண்ணே?" என்றேன்.

அதைக் கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது. "இது உங்க குரல் இல்லையே," என்றார்.

ஆள் சரியில்லையோ என்று பயந்து கல்லாவுக்குப் பின்னால் நகர்ந்தேன். அவர் போனை எடுத்துக் காட்டினார். அதில் என் படம். தீபாவளிக்கு எடுத்து முகநூலில் போட்டது. அதன் கீழே வேறு யாரோ ஒருத்தியின் பெயர்.

பாரிட் புந்தாரில் நெல் ஆலைக்குச் சொந்த லோரி ஓட்டுபவராம். மனைவி இறந்துவிட்டார். பல மாதங்களாக 'நான்' அவரோடு போனில் பேசியும் செய்தி அனுப்பியும் வருகிறேன். கல்யாணப் பேச்சுவரைக்கும் வந்தாயிற்று. 'நான்' அனுப்பிய ஒரு படத்தின் ஓரத்தில் எங்கள் கடைப் பலகை தெரிந்திருக்கிறது. சொல்லாமல் வந்து நின்றால் சந்தோஷப்படுவேன் என்று நினைத்து வந்திருக்கிறார்.

"என் படத்தைத் திருடி யாரோ உங்கள ஏமாத்திட்டாங்கண்ணே. போலீஸ் பாலாய்க்குப் போயி ரிப்போர்ட் பண்ணுங்க," என்றேன். இந்த மாதிரி விஷயங்களைப் பத்திரிகையில் படித்திருந்தேன். அவருக்காகப் பரிதாபப்பட்டேன். எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றுதான் அப்போதுவரை நினைத்திருந்தேன்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "அப்ப தோட்டத்துல மழை பெஞ்சா லயத்து வீட்டுக்குள்ள தண்ணி வந்துரும், மேசை மேல ஏறி உக்காந்து படிப்பேன்னு சொன்னதெல்லாம் பொய்யா?"

மேசை மேல் ஏறிப் படித்தவள் நான்தான்.

"நிச்சயம் பண்ணுன பிறகு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வேணாம்னுட்டாங்க, அந்தப் புடவைய இன்னும் பிரிக்காமலே வச்சிருக்கேன்னு சொன்னீங்களே..."

அந்தப் புடவை பற்றி என் சிநேகிதிகளுக்குக்கூடத் தெரியாது. அம்மாவுக்குத் தெரியும். தம்பிக்குத் தெரியும்.

தம்பி என்னைவிட எட்டு வயது இளையவன். ரப்பர் பால்மரங்களை அழித்துச் செம்பனை போட்டபோது நாங்கள் தோட்டத்தைவிட்டு ஈப்போவுக்கு வந்தோம். அவன் அப்போது சின்னப் பையன். வளர்ந்து தொழிற்சாலை, பாதுகாவலர் வேலை என்று எதிலும் நிலைக்காமல், பேங்காக்கில் கஸ்டமர் சர்வீஸ் வேலை என்று கிளம்பிப் போனான். பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு ஆற்றைக் கடந்து வேறு நாட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்று அவனிடமிருந்து ஒரே ஒரு செய்தி வந்தது. பிறகு ஒன்றுமில்லை. நானும் அம்மாவும் ஏறாத அலுவலகம் இல்லை. பிணமாவது வருமா என்று அம்மா கேட்க ஆரம்பித்திருந்தார்.

அவன் உயிரோடு இருக்கிறான். அந்த நிமிடம் எனக்குத் தோன்றியது அது ஒன்றுதான். வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். எதிரே ஒரு மனிதர் வாழ்க்கையே போய் உட்கார்ந்திருந்தார். நான் சிரித்ததை அவர் பார்த்தார்.

விஷயத்தைச் சொன்னேன்: எழுதுவது என் தம்பியாகத்தான் இருக்கும், அவனை அடைத்து வைத்து இதைச் செய்யவைக்கிறார்கள் என்று. சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. திட்டுவார் என்று நினைத்தேன். அவர் போனை என் பக்கம் தள்ளினார்.

"கேட்டுப் பாருங்க. ஆனா அக்கான்னு போட்டுராதீங்க. அங்க யாராச்சும் பாத்தா பையன அடிப்பாங்க."

எனக்கு அது தோன்றவே இல்லை. ஏமாந்தவருக்குத் தோன்றியது.

அவர் எழுதுவதுபோலவே எழுதினேன்: "உங்க தம்பி எப்படி இருக்கான்?"

இரண்டு நீலக்கோடு விழுந்தது. எழுதுவதும் அழிப்பதுமாகக் கொஞ்ச நேரம். பிறகு பதில் வந்தது.

"எனக்குத் தம்பியே இல்லங்க. சாப்பிட்டீங்களா?"

பின்னாலேயே இன்னொன்று. அம்மாவுக்கு அவசர ஆபரேஷன், உதவி செய்ய முடியுமா என்று. எங்கள் அம்மா அந்த நேரம் வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்திருப்பார்.

"இப்பிடித்தான்," என்றார் அவர். எவ்வளவு அனுப்பியிருந்தார் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் துணிவில்லை. திங்கட்கிழமை அவரோடு பாலாய்க்குப் போய் வாக்குமூலம் கொடுத்தேன். "தம்பி வந்தா எனக்கு ஒரு போன் பண்ணுங்க," என்று மட்டும் கேட்டுக்கொண்டார். அம்மாவிடம் நான் சொன்னது பாதிதான்: அவன் உயிரோடு இருக்கிறான்.

அடுத்த வருடம் தம்பியை அடைத்து வைத்திருந்த இடத்தில் சோதனை நடந்து, மீட்டவர்களை விமானத்தில் கொண்டுவந்தார்கள். தம்பி எலும்பும் தோலுமாக வந்தான். முதுகிலும் கையிலும் சூடு வைத்த தழும்புகள். போலீஸ் விசாரித்துவிட்டு வீட்டுக்கு அனுப்பியது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் "பாவம் பையன்" என்றார்கள். பாவம்தான். அவன் தூங்கும்போது கையை முகத்துக்கு மேலே மடித்துக்கொண்டு தூங்குகிறான்.

கொடுத்த வாக்குப்படி அவருக்குப் போன் செய்தேன். "கூட்டிட்டு வாங்க," என்றார்.

பாரிட் புந்தாரில் அவர் வீடு வயலைப் பார்த்தபடி இருந்தது. லோரி வாசலில் இல்லை. இப்போது இன்னொருவரிடம் கூலிக்கு ஓட்டுகிறாராம். அவரே தேத்தண்ணி கலக்கிக் கொண்டுவந்து வைத்தார். தம்பி தரையைப் பார்த்துக்கொண்டே "மன்னிச்சிருங்கண்ணே" என்றான்.

"போன்ல பேசின பொண்ணு யாரு?" என்று கேட்டார்.

"தமிழ்நாட்டுப் பொண்ணுண்ணே. நாங்க எழுதிக் குடுக்கறத வாசிக்கும். நம்ம ஊர்ப் பேச்சு மாதிரி இருக்கணும்னு வார்த்தை முடிவுல 'லா' போட நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

"அது வெளிய வந்திருச்சா?"

"தெரியலண்ணே. அதுக்கு முன்னாடியே வேற கம்பெனிக்கு வித்துட்டாங்க."

அவர் எழுந்து பின்கட்டுக்குப் போனார். குழாய்த் தண்ணீர் ஓடும் சத்தம் வெகுநேரம் கேட்டது. திரும்பி வந்தபோது முகம் ஈரமாக இருந்தது. "சரி, போயிட்டு வாங்க," என்றார்.

தைப்பிங் தாண்டும்போது மழை பிடித்துக்கொண்டது. அதுவரை அடக்கி வைத்திருந்ததைக் கேட்டேன்.

"என் நிச்சயத்தப் பத்தி ஏன்டா சொன்னே?"

"மத்ததெல்லாம் சொல்லிப் பாத்தேன்க்கா. அவரு ரெண்டு வார்த்தைக்கு மேல பேசல. அதச் சொன்னப்பதான் நம்புனாரு." பிறகு, "டார்கெட் முடிச்சா அடி இல்ல. எங்க குரூப்ல நான்தான் எப்பவும் முதல்ல," என்றான்.

அவன் குரலில் ஒரு துளி பெருமை இருந்தது. அது அவன் காதிலும் விழுந்திருக்க வேண்டும். சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"என் படத்த வச்சு அவரு ஒருத்தரத்தானா?"

"இல்லக்கா."

வண்டியை ஓட்டினேன். அவனை அடிக்கத் தோன்றியது, அந்தத் தழும்புகளுக்கு மேல் இன்னும் எங்கே அடிப்பது என்றும் தோன்றியது.

போன வாரம் கோயில் தலைவர் வீட்டுக்கு வந்திருந்தார். தம்பி அனுபவித்த கொடுமைகளை வாலிபர்களுக்கு அவனே சொன்னால் நாலு பேர் திருந்துவார்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை மேடையேறிப் பேசட்டும் என்றார். மீதிப் பாதியை இன்னும் அறியாத அம்மாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. தம்பி என்னைப் பார்த்தான்.

"அவனுக்கு இன்னும் உடம்பு சரியாகல," என்று சொல்லிவிட்டு, காப்பி கலக்குகிற சாக்கில் நான் உள்ளே போய்விட்டேன்.