நான் போனால் தோற்கிற அணி

எங்கள் கொலிஜ் அணி இந்த வருடம் முதல் நான்கு ஆட்டங்களிலும் தோற்றது. எங்கள் அணி என்று சொல்ல உனக்கு என்ன உரிமை என்று யாராவது கேட்டால், நான்கு சனிக்கிழமையும் மழையில் நனைந்துகொண்டு நின்றவள் நான் என்று சொல்வேன். ஒக்லாந்தில் உயர்நிலைப் பள்ளியைத்தான் பலரும் கொலிஜ் என்கிறார்கள். அதன் பெண்கள் உதைபந்து அணியில் என் மகள் இடப்பக்கப் பின்வரிசையில் ஆடுகிறாள். அவளுக்குப் பதினாறு வயது. அவளுடைய அப்பா இறந்து மூன்று வருடமாகிறது. அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து சந்தோஷப்படவும் சேர்ந்து கோபப்படவும் கிடைத்த ஒரே விஷயம் இந்த அணிதான். அதனால் அது எங்கள் அணி.

பருவத்தின் முதல் ஆறு ஆட்டங்கள் தரம் பிரிப்பதற்கானவை. நன்றாக ஆடினால் நடுப் பிரிவு, சொதப்பினால் கடைசிப் பிரிவு. முதல் வாரம் ஐந்து கோல் வாங்கினோம். இரண்டாம் வாரம் நான்கு. மூன்றாம் வாரம் மறுபடி நான்கு. பயிற்சியாளர் கணக்கு மாஸ்டர், தங்கமான மனிதர், திட்டவும் மனம் வராது. ஆனால் பின்வரிசைப் பிள்ளைகளை மைதானத்தின் நடுக்கோடு வரை கொண்டுவந்து நிறுத்திவிடுவார். எதிரணி பந்தை அவர்கள் தலைக்கு மேலால் ஒரு தட்டுத் தட்டும். பிறகு ஒருத்தி தனியாக ஓடிப்போய் அடிப்பாள். வாங்கிய கோல் முக்கால்வாசியும் இப்படித்தான். மூன்றாம் வாரம் அவரிடம் போய்ச் சொன்னேன். போகப் போகப் பிள்ளைகள் பழகிவிடுவார்கள் என்றார். போகப் போக நாங்கள் பழகியது தோற்பதற்குத்தான்.

முதல் ஆட்டத்திலேயே எனக்கு ஒரு சண்டை. மகள் பாய்ந்து ஒரு பந்தைத் தடுக்கப் பார்த்தாள், கால் எட்டவில்லை. பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரர், அவர் கோல் காக்கும் பிள்ளையின் அப்பா, என் மகளின் பெயரைச் சொல்லி "அன்லக்கி" என்று கத்தினார். எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. யாரை ராசியில்லாதவள் என்கிறாய், உன் பிள்ளையை அப்படிச் சொல்வாயா என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலம் முழுவதையும் அவர் மேல் கொட்டினேன். மனிதர் காது வரை சிவந்துபோனார். நன்றாக முயன்றாய், கொஞ்சத்தில் தவறிவிட்டது என்பதைத்தான் இங்கே அப்படிச் சொல்வார்கள் என்று விளக்கினார். விளங்கியது. ஆனாலும் எங்கள் பாஷையில் ஒரு பெண்பிள்ளையை விளையாட்டுக்கும் அப்படிச் சொல்லமாட்டோம் என்று சொல்லி முடித்தேன். அடுத்த வாரம் முதல் அவர் "குட் ட்ரை" என்று கத்துகிறார், கத்திவிட்டு என்னை ஒரு பார்வை பார்க்கிறார்.

நான் தமிழில்தான் கத்துவேன். "பின்னால ஆள் வருது" என்றால் மகளுக்கு விளங்கும், எதிரணிக்கு விளங்காது. நடுவரிசையில் ஆடுகிற தமிழ்நாட்டுப் பிள்ளைக்கும் விளங்கும். வீட்டில் நான் தமிழில் கேட்பதற்கெல்லாம் மகள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். வெளியிடத்திலோ தமிழ் தெரியாதவள் போல நடந்துகொள்வாள். ஆனால் மைதானத்தில் என் குரல் கேட்டதும் திரும்புவாள். எனக்கு அது போதும் என்று இருந்தேன்.

அந்த நடுவரிசைப் பிள்ளையின் அப்பா லின்ஃபீல்டில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். கம்ப்யூட்டர் வேலை. என்னைவிட நாலைந்து வயது இளையவர், அக்கா என்று கூப்பிடுவார். இடைவேளைக்குத் தோடம்பழம், அவர் பாஷையில் ஆரஞ்சு, வெட்டிக்கொண்டு வருவது அவர்தான். என்னுடைய கார் பழுதாகிக் கராஜில் கிடந்த இரண்டு வாரமும் எங்களை ஏற்றிக்கொண்டு போனவரும் அவர்தான். இதைச் சொல்லாவிட்டால் பின்னால் வருவதை வைத்து அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடுவீர்கள்.

ஐந்தாவது வாரம் நான் போகவில்லை. விரி என்ற இடத்தில் உணவுப் பொருள் கிடங்கு ஒன்றின் குளிரறையில் எனக்கு வேலை. அந்தச் சனிக்கிழமை இரண்டு பேருக்குச் சுகமில்லை, விடமாட்டோம் என்றுவிட்டார்கள். பதினொரு மணிக்கு மகளின் செய்தி வந்தது. இரண்டுக்கு ஒன்று, வென்றுவிட்டோம். உறைந்த பட்டாணிப் பெட்டிகளுக்கு நடுவில் நின்று கூவினேன். லொத்தர் விழுந்ததா என்று ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர் கேட்டார். அதைவிடப் பெரிது என்றேன்.

செவ்வாய்க்கிழமை பயிற்சி முடிந்து பிள்ளைகள் வரும்வரை பள்ளி வாசலில் காத்திருந்தோம். நடுவரிசைப் பிள்ளையின் அப்பா காரிலிருந்து இறங்கி வந்தார். கொஞ்ச நேரம் மழையைப் பற்றிப் பேசினார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க வராத அன்னிக்குத்தான் ஜெயிச்சிருக்காங்க. வர்ற சனிக்கிழமை தரம் பிரிக்கிற கடைசி மேட்ச். அதையும் ஜெயிச்சா நடுப் பிரிவு கிடைக்கும். அன்னிக்கு மட்டும் நீங்க வீட்ல இருந்தா நல்லதுன்னு தோணுது. சும்மா ஒரு நம்பிக்கைதான்."

காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதை என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். எதிரணியின் நல்ல ஆட்டக்காரி அன்றைக்கு வரவில்லையாமே, அதையும் நான்தான் செய்தேனா என்று கேட்டிருக்கலாம். நான் தலையாட்டிச் சொன்னது "ஓம்" என்ற ஒரு சொல். அந்த ஓமுக்காக இன்றைக்கும் என் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது.

ஏன் சொன்னேன் என்பதும் எனக்குத் தெரியும். அவர் சொன்னது எனக்குப் புதிதில்லை. போன வருடம் ஒனிஹங்காவில் ஒரு மண்டபத்தில் சொந்தக்காரப் பிள்ளையின் சாமத்திய வீடு, பெரியபிள்ளையானதற்கான சடங்கு. ஆலாத்தி எடுக்கப் பெண்களை இரண்டு இரண்டு பேராகக் கூப்பிட்டார்கள். அந்தப் பிள்ளை பிறந்தபோது முதலில் கையில் வாங்கியவள் நான். என் முறை வருமென்று எழுந்து நின்றேன். ஒருத்தி வந்து மெதுவாகக் கையைப் பிடித்து, "நீங்கள் சாப்பாட்டுப் பக்கம் பாத்துக்கொள்ளுங்கோ அக்கா" என்று கூட்டிக்கொண்டுபோய் வடைத் தட்டுகளுக்குப் பக்கத்தில் விட்டாள். புருஷன் இல்லாதவளை யாரும் அதட்டி விலக்குவதில்லை. எல்லோரும் மெதுவாகத்தான் சொல்கிறார்கள். அதனால் திருப்பி ஏசவும் வழியில்லாமல் போகிறது.

புதன்கிழமை வேலைத்தளத்தில் சனிக்கிழமை ஓவர்டைமுக்கு என் பெயரை நானே எழுதினேன். மகளிடம் வேலை என்று சொன்னேன். "ஓகே" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டாள். வியாழக்கிழமை முழுவதும் எனக்குக் கை வேலையில் ஓடவில்லை. நான் போய், பிள்ளைகள் கடைசிப் பிரிவுக்கு இறங்கிவிட்டால்? படித்தவள்தான், ஊரில் இரண்டு வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவள்தான். இருந்தும் மனம் அப்படித்தான் கேட்டது.

வெள்ளிக்கிழமை மத்தியானம், சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தபோதுதான் ஒன்று உறைத்தது. அன்றைக்கு மண்டபத்தில் என்னைக் கையைப் பிடித்துக் கொண்டுபோய் விட்டார்கள். இந்த முறை யாரும் பிடிக்கவில்லை. நானாகவே நடந்துபோய் நின்றிருக்கிறேன். எனக்கு வந்த கோபத்தில் பெட்டியை மூடினேன். எழுந்துபோய்ச் சூப்பர்வைசரிடம் என் பெயரை வெட்டச் சொன்னேன். காரணம் கேட்டார். உதைபந்து என்றேன்.

வேலை இல்லை என்று மகளிடம் சொல்லி, சனிக்கிழமை அவளோடே போனேன். ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும், துணிச்சல் பாதிதான் வந்திருந்தது. பிள்ளைகளின் பைகள் குவிந்து கிடந்த இடத்தில், மற்றப் பெற்றோருக்குப் பின்னால் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. நடுவரிசைப் பிள்ளையின் அப்பா என்னைக் கண்டார், தலையாட்டினார், கொஞ்சம் தள்ளிப்போய் நின்றுகொண்டார். இருபது நிமிடத்தில் இரண்டு கோல் வாங்கிவிட்டோம். இரண்டாவது, மகளுக்குப் பின்னாலிருந்து ஒருத்தி ஓடிவந்து பந்தைப் பறித்துக்கொண்டு போய் அடித்தது. எனக்கு அவள் வருவது முன்னமே தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் பந்து எங்கள் பக்கமாக வெளியே வந்தது. கையால் எறிய மகள் வந்தாள். பந்தைத் தலைக்கு மேல் தூக்கியவள் எறியாமல் திரும்பி, பெற்றோர் வரிசைக்குள் என்னைத் தேடினாள். கன்னமெல்லாம் சேறு. எல்லோருக்கும் கேட்கத் தமிழில் சொன்னாள்.

"அம்மா, ஏன் பேசாம நிக்கிறீங்கள்? கத்துங்கோ. எனக்குப் பின்னால தெரியேல்லை."

நடுவர் விசில் ஊதி அவளை அவசரப்படுத்தினார். நான் பைகளைத் தாண்டி முன்னால் வந்து, வெள்ளைக்கோட்டில் கால் முட்ட நின்றேன். பிறகு ஆட்டம் முடியும்வரை வாய் மூடவில்லை. பின்னால ஆள், இடப்பக்கம் பார், விடு வெளியால போகுது, ஓடு பிள்ளை ஓடு. நடுவரிசைப் பிள்ளைக்கும் சேர்த்துத்தான் கத்தினேன். அவள் ஒன்று அடித்தாள். பிறகு ஒரு கோர்னர் உதையில் இன்னொன்று விழுந்தது. இரண்டுக்கு இரண்டு. கோல் காக்கும் பிள்ளையின் அப்பா என் முதுகில் தட்டிய தட்டு அடுத்த நாளும் வலித்தது.

முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது, கணக்கு மாஸ்டர் பின்வரிசையை மறுபடி நடுக்கோட்டுக்குக் கூப்பிட்டார். தலைக்கு மேலால் ஒரு தட்டு. மூன்றுக்கு இரண்டு. கடைசிப் பிரிவு.

மகள் புல்லில் உட்கார்ந்து அழுதாள். எனக்கும் அழுகை வந்தது, தோற்றால் வலிக்கத்தான் செய்யும். அவர் தோடம்பழப் பெட்டியை மூடிக்கொண்டு நின்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. நான்தான் அவரிடம் நடந்துபோனேன். குரலைத் தாழ்த்தவில்லை.

"தம்பி, தோத்திட்டம். அடுத்த கிழமையும் நான் வருவன். ராசி பாக்கிறதெண்டால், நீங்கள் வீட்டில நில்லுங்கோ."