ஒற்றைக் கதவு வீடு

பேருந்து மேம்பாலத்தின் நடுவில் நின்றபோது என் கண்ணுக்கு நேரே ஒரு இரண்டாம் மாடி பால்கனி இருந்தது. கம்பியில் இரண்டு நைட்டிகளும் ஒரு அட்டையும் தொங்கின. அட்டையில் 'வீடு விற்பனைக்கு' என்று எழுதி, கீழே ஒரு கைபேசி எண். முன்னால் தீப்பெட்டி பண்டல் ஏற்றிய லாரி டயர் வெடித்து நின்றதால் எங்களுக்கு அவசரம் எதுவும் இல்லை. நான் சிவகாசியில் ஒரு அச்சகத்தில் காலண்டர் வடிவமைக்கிறேன். விருதுநகர் எண்ணெய்க் கடைக்காரர் ஒருவரிடம் மாதிரியைக் காட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். அம்மன் படத்தைவிடத் தன் கடைப் பெயர் பெரிதாக இருக்க வேண்டும் என்று அவர் சொல்லியிருந்தார். அதைப் பற்றி யோசிப்பதற்குப் பதிலாக அந்த எண்ணுக்குப் போன் போட்டேன்.

பால்கனிக்கு ஒரு அம்மாள் போனைக் காதில் வைத்தபடி வந்தார். வீடு இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றார்.

"நீ எங்கன இருந்தும்மா பேசுற?"

"உங்களுக்கு எதிர்த்தாப்லதான். பஸ்ல, ஜன்னலோரம்."

அவர் கண்ணாடியைச் சரிசெய்து பார்த்துவிட்டுக் கையை ஆட்டினார். நானும் ஆட்டினேன். லாரிக்கு டயர் மாற்றுவதற்குள் அவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை என்பதும், கோயம்புத்தூருக்கு மகன் வீட்டோடு போகப்போகிறார் என்பதும், வீட்டுக்கு என்னைவிடப் பத்து வயது கூட என்பதும் தெரிந்துவிட்டது. இறங்கும்போது அதை வாங்குவதென்று முடிவு செய்திருந்தேன். நான் பொதுவாக அப்படித்தான்.

இந்த முறை காரணம் இருந்தது. எங்கள் ஊர் ஆமத்தூருக்குப் பக்கம். காலையில் பட்டாசுக் கம்பெனி வேன் வந்து ஹாரன் அடிக்கும், அம்மா தூக்குவாளியோடு ஏறுவாள். பதினெட்டு வருடமாகப் பூச்சட்டிக்குள் வெடிமருந்து செலுத்துகிறாள். வேலையை நிறுத்து என்று நான் கேட்காத சீசன் இல்லை. போன தீபாவளிக்கு முந்திய மாதம் வேறொரு கம்பெனியில் ஒரு ரூம் போய்விட்டது. 'போய்விட்டது' என்றுதான் எங்கள் பக்கம் சொல்வார்கள். அம்மாவோடு முன்பு ஒரே வேனில் வந்துகொண்டிருந்த ஒருத்தி அதற்குள் இருந்தாள். அவள் சாவுக்குத் துஷ்டி கேட்டு வந்த அம்மாவிடம் மறுபடியும் கேட்டேன். டவுனில் சொந்தமாக ஒரு வீடு வாங்கு, அன்றைக்கே வேனுக்கு வரவில்லை என்று சொல்லிவிடுகிறேன் என்றாள். என்னால் முடியாது என்ற தைரியத்தில் சொன்னது. வங்கியில் எனக்குக் கடன் தருவார்கள் என்று அவளுக்கு அப்போது தெரியாது. எனக்கும்தான்.

வீடு பார்க்க முப்பத்தெட்டு கேள்விகள் எழுதிக்கொண்டு, டேப்போடு போனேன். கீழே ஒரு பைக் மெக்கானிக், ஒரு பரோட்டாக் கடை, அடுத்து மிளகாய் வத்தல் குடோன். ஆசிரியை பேசிக்கொண்டிருக்கும்போதே மூன்று முறை தும்மினார். வத்தல் வரத்துள்ள மாதங்களில் தெருவே தும்மும், விருந்தாளிகள்தான் சளி என்று நினைத்துக்கொள்வார்கள் என்றார். மேம்பாலத்துச் சத்தம் பழகிவிடுமா என்று கேட்டேன். பழகிவிடும் என்று பத்து வீடு கேட்கும்படி சொன்னார். நகராட்சித் தண்ணீர் என்றைக்கு வரும் என்று மூன்று மாடியிலும் விசாரித்ததில் மூன்று பதில்கள் கிடைத்தன. குளியலறைச் சுவரை நாணயத்தால் தட்டினால் காலி டப்பா போல ஒலித்தது. லிஃப்ட் கிடையாது. ஆனால் அறைகள் பெரியவை, கிழக்கு வெயில், ரயிலடி நடக்கும் தூரம். அடுப்படியில் நின்றால் காற்று வந்தது. இந்தக் காலத்து வீடுகளில் அதற்குத் தனியாக மெஷின் வைக்கிறார்கள். மொத்தம் முப்பத்தொரு கேள்வியில் வீடு தேறியது. அருப்புக்கோட்டையிலிருந்து இன்னொருவர் கேட்கிறார், மாதக் கடைசிவரை பொறுக்கிறேன் என்று ஆசிரியை சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அவள் செருப்பை வாசலில் முனை வெளியே பார்க்கும்படி கழற்றிவைத்தாள். எங்கே போனாலும் அப்படித்தான் வைப்பாள். பிறகு ஒவ்வொரு அறையாக நுழைந்து வந்தாள். டைல்ஸ், வெயில், அலமாரி எதையும் பார்க்கவில்லை. முன்வாசல் கதவை மட்டும் இரண்டு முறை திறந்து மூடிப் பார்த்தாள்.

"இன்னொரு கதவு எங்கன இருக்கு, டீச்சர்?"

ஆசிரியை பால்கனிக் கதவைக் காட்டினார். அம்மா கம்பி வழியாகக் கீழே பார்த்தாள். இதில் இறங்கி எங்கே போவது என்று கேட்டாள். அவளுக்குத் திருட்டுப் பயம் என்று ஆசிரியை நினைத்துக்கொண்டார். இந்த வீட்டுக்கு ஒரே வாசல்தான், அதற்கும் வெளியே கிரில் போட்டுப் பூட்டிவிடுவேன், ஒருத்தரும் வர முடியாது என்று ஆறுதல் சொன்னார்.

அம்மா நாற்காலியை வாசலைப் பார்க்கத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள்.

"எங்க ரூமுக்கு நாலு கதவு டீச்சர். உள்ள நாலே பேருதான். எல்லாக் கதவும் வெளிய பார்த்துத் தெறக்கும். தள்ளுனாப் போதும்."

ஆசிரியை தும்மினார்.

ஊருக்குத் திரும்பும் பேருந்தில் நான் பேசினேன். அந்த வீட்டில் மருந்து கிடையாது என்றேன். கேஸ் சிலிண்டர் இருக்கிறது என்றாள். சென்னையில் எல்லாரும் ஒற்றைக் கதவுக்குள்தான் இருக்கிறார்கள் என்றேன். அவர்களுக்குப் பழக்கம் என்றாள். வெடிமருந்துக்கு நடுவில் உட்காருவதற்குப் பயமில்லை, சோபாவில் உட்காரப் பயமா என்று கேட்டேன். கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன். முன் இருக்கைக்காரர் திரும்பினார்.

"அங்கன எந்திரிச்சு ஓடுறதுக்கு எடம் இருக்குத்தா," என்றாள். "இங்கன நான் எப்படி ஒறங்குவேன்?"

என் முப்பத்தெட்டில் இது இல்லை. அடுத்த வாரம் முழுவதும் இணையத்தில் புது அடுக்குமாடி வீடுகளைப் பார்த்தேன். நீச்சல்குளம் உள்ள வீடுகள்கூட ஒற்றைக் கதவோடுதான் இருந்தன. அம்மா வழக்கம்போல வேனில் போய்வந்தாள். வாக்குக் கொடுத்தவள் என்ற கவலை அவள் முகத்தில் தெரியவில்லை.

புதன்கிழமை, வங்கி கேட்டதற்காக, வீட்டின் பழைய வரைபடத்தை ஆசிரியை போனில் அனுப்பினார். மடிப்பில் கிழிந்த நீலத் தாள். கடன் அதிகாரிக்கு அனுப்புவதற்கு முன் பெரிதாக்கிப் பார்த்தேன். அடுப்படிக்குப் பின்னால் பாத்திரம் கழுவும் இடத்தில் ஒரு கதவு வரைந்திருந்தது. அதை ஒட்டி, முறுக்கு மாதிரி சுற்றிய ஒரு படம்.

அன்று மாலையே போனேன். ஊறுகாய் பாட்டில் அடுக்கிய இரும்பு அலமாரிக்குப் பின்னால், ஆசிரியையே மறந்துபோன அந்தக் கதவு அப்படியே இருந்தது. வெளியே சுழல் படி, துருப்பிடித்துக் கீழே போனது. அது கக்கூஸ் கழுவ வருகிறவர்களுக்கான படி என்றார் ஆசிரியை. அவர்கள் முன்வாசல் வழியாக வீட்டுக்குள் வரக் கூடாது என்று அப்போது எல்லா வீட்டுக்கும் வைத்தார்களாம். சொல்லி முடித்ததும் என்னைப் பார்த்தார். என் ஊரையும் அம்மாவின் வேலையையும் சேர்த்துப் பார்த்திருக்க வேண்டும். கேட்காமலே இன்னொரு டம்ளர் காபி கொண்டுவந்தார். குடித்தேன், நன்றாகத்தான் இருந்தது.

வீட்டில் அம்மாவிடம் படியைப் பற்றிச் சொன்னேன், யாருக்காக வைத்தது என்பதையும் சேர்த்து. அவள் புளி கரைத்துக்கொண்டிருந்தாள்.

"யாருக்கு வச்சா நமக்கென்ன. தரை வரைக்கும் எறங்குதுல்ல?"

அங்கேதான் சிக்கல். படியின் அடியில் இரும்புக் கேட், அதில் பூட்டு. சாவி, கடைகளுக்குப் பின்னால் உள்ள கீழ்த்தள வீட்டுக்காரரிடம். அவர்தான் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். பூட்டுக்கு உள்ளே அவருடைய உடைந்த தண்ணீர்த் தொட்டி, ஒரு சைக்கிள், கல்லாகிப்போன சிமெண்டு மூட்டைகள். போய்க் கேட்டேன். எந்த ஊர் என்று கேட்டார், சொன்னேன். ஊரில் எந்தப் பக்கம் என்றார். பஸ் ஸ்டாப் பக்கம் என்றேன். அவர் அதோடு விட்டுவிட்டு, பின்படியைத் திறந்தால் கண்டவர்களும் ஏறுவார்கள், எதுவானாலும் சங்கக் கூட்டத்தில்தான் முடிவாகும் என்றார். கண்டவர்கள் இறங்கவும் செய்யலாமே என்றேன். அது அவருக்குப் புரியவில்லை.

கூட்டம் வரும் ஞாயிற்றுக்கிழமை, மொட்டைமாடியில். நான் வீட்டுக்காரி இல்லை, பேச முடியாது. ஆசிரியை பேசுவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் பேசினால் மேம்பாலத்தில் போகிறவர்களும் கேட்பார்கள். சாவி கிடைத்தால் மூட்டைகளை இழுத்துப்போட மெக்கானிக் கடை அண்ணனிடம் கேட்டுவைத்திருக்கிறேன். பின்கதவு உள்பக்கம் திறக்கிறது. கீலை மாற்றி வெளிப்பக்கம் தள்ளும்படி செய்ய ஒரு ஆசாரி வருகிறார். அதன்பிறகு அம்மா கேட்டபடி ஒரு ஒத்திகை: அவள் அலமாரி இருந்த இடத்தில் வெறுங்காலோடு நிற்பாள். நான் கீழே கேட்டருகில் நின்று குரல் கொடுக்க வேண்டும், அவள் கதவைத் தள்ளிக்கொண்டு இறங்கிவர வேண்டும். தரையில் கால் வைத்த பிறகு, திங்கட்கிழமை வேனுக்கு என்ன சொல்வது என்று சொல்கிறாளாம்.