வேண்டாம் என்று சொல்ல வராத வாய்

தாய்லாந்தின் கோன்கேன் நகரத் தபால் நிலைய எழுத்தர் பன்லோப்புக்கு நாற்பத்து நான்கு வயது, நூற்றுப் பதினெட்டுக் கிலோ. அத்தனையும் "வேண்டாம்" என்று சொல்லத் தெரியாமல் சேர்த்த சதை. யார் ஒட்டரிசிச் சோறும் சுட்ட கோழியும் நீட்டினாலும், அவர்கள் மனம் கோணக் கூடாதே என்று தின்றுவிடுவார். கூட வேலை பார்க்கும் சுமாலி, "ஜிம்முக்கு வாங்கண்ணே" என்று கையைப் பிடித்து இழுத்தபோதும் அப்படித்தான் போனார்.

முதல் நாளே பெஞ்சில் படுக்கவைத்து, இரு முனையிலும் எடைத் தட்டு மாட்டிய இரும்புக் கம்பியைக் கையில் கொடுத்தார்கள். ஆறாவது முறை இறக்கிய கம்பி நெஞ்சிலேயே உட்கார்ந்துகொண்டது. மூச்சு முட்டியது. அதற்காகக் கத்தி, நாலு பேர் வேலையைக் கெடுப்பதா? சங்கடம் வந்தால் சிரிப்பது அவர் வழக்கம். சிரித்தார்.

"அண்ணன் கம்பிய நெஞ்சுமேல வச்சிக்கிட்டு எப்படிச் சிரிக்கிறாரு பாரு!" என்று பக்கத்து பெஞ்சில் கைதட்டினார்கள்.

பயிற்சியாளன் குனிந்தான். "என்னண்ணே, லேசா இருக்கா? ரெண்டு பக்கமும் இன்னொரு தட்டு மாட்டட்டுமா?"

பன்லோப்புக்கு ஒரே ஒரு சொல் போதும். அது மட்டும் வரவில்லை.

"உங்களுக்குச் சிரமமில்லேன்னா மாட்டுங்க, தம்பி."