குசினிக் கதவுக்குப் பின்னால்

ரமழான் மாதத்தில் எங்கள் அக்குறணை வீட்டில் எனக்கு மிகவும் பிடித்த இடம், அடுப்படியில் குசினிக் கதவின் பின்பக்கம். மாதவிடாய் நாட்களில் பெண்களுக்கு நோன்பில்லை. விட்டதைப் பிறகு பிடித்துவிட வேண்டும், அதைக் களா என்போம். அதற்காக நோன்பாளிகள் முன்னால் மென்றுகொண்டு நிற்க முடியுமா? கதவை ஒருக்களித்து வைத்துவிட்டு, நானும் என் கணவரின் அக்காவான மதினியும் ரொட்டியும் பாலில்லாத பிளேன்டீயுமாக உட்கார்ந்துவிடுவோம். யாராவது செருமினால் அவசரமாக வாயைத் துடைத்துக்கொண்டு வெங்காயம் உரிப்போம். கல்யாணமான புதிதில் மதினியைக் கண்டாலே எனக்கு நடுக்கம். அதைப் போக்கியது அந்தக் கதவுதான். பெருநாள் முடிந்ததும் களாவையும் சேர்ந்தே பிடிப்போம்.

மதினிக்கு முதலில் மாதவிடாய் நின்றது, பிறகு எனக்கு. ஊர்ப் பெண்கள் விடுதலை என்றார்கள். நல்ல விடுதலை! கண்டி மழைக் குளிரில் எல்லோரும் போர்த்திக்கொண்டிருக்க, நான் மட்டும் முந்தானையால் விசிறிக்கொண்டு நிற்பேன். காரணமில்லாமல் பிள்ளைகள் மேல் பாய்வேன். மதினி வெந்தயம் ஊறவைத்துத் தந்தார், பொல்பலா இலை அவித்துத் தந்தார். குடித்தால் மனசு கொஞ்சம் ஆறும், வேர்வை அதன்பாட்டுக்கு ஓடும்.

நின்று ஒரு வருடத்துக்கு மேலான பின், ஒரு ரமழான் பகலில் மறுபடி உதிரம் கண்டது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். பழைய நாட்களே திரும்பி வந்துவிட்டதாக நினைத்தேன். நோன்பை விட்டேன், பிளேன்டீ ஊற்றினேன், மதினியைக் கூப்பிட்டேன்.

"எனக்குத் தொழுகையில்ல மதினி. வாங்க, கதவுக்குப் பின்னால கொஞ்சம் இருங்க."

மதினியின் முகம் வெளுத்துவிட்டது.

"என்ன புள்ள செல்றாய்? நின்டு போன பொறகு வந்தா அது ஏதும் நோய் வருத்தமா ஈக்கும். கோப்பைய வெச்சிட்டு உடுப்ப மாத்து, டொக்டர்ட்ட போவோம்."

நோன்போடு என்னைக் கண்டிக்குக் கூட்டிப்போனார். பஸ்ஸில் என் கையை விடவேயில்லை. டொக்டர் அம்மா ஸ்கேன் பார்த்தார், கர்ப்பப்பையில் ஒரு சிறிய சதை வளர்ந்திருப்பதாகச் சொன்னார். அதை அகற்றிச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை வீட்டில் யாரும் அந்த நோயின் பெயரைச் சொல்லவில்லை. நான் பயந்தேன். பிள்ளைகளை நினைத்துத் தொழுகைப் பாயிலேயே அழுதேன்.

கெட்டது எதுவும் இல்லை என்று முடிவு வந்தது. உடல் சூட்டுக்கு எனக்குப் பொருத்தமான ஹோர்மோன் மாத்திரையை எழுதித் தந்து, ஒழுங்காக வந்து காட்டச் சொன்னார் டொக்டர் அம்மா. யாழ்ப்பாணத்துக்காரர். வெந்தயத்தை விட வேண்டுமா என்று மதினி கேட்டதற்குச் சிரித்தார்.

"ஏன் விடவேணும்? ஆனா இப்பிடி உதிரம் கண்டா வெந்தயத்தை நம்பி இருக்காதேங்கோ. உடன வாங்கோ."

அன்று நான் விட்ட நோன்பு களாவாக நின்றது. பெருநாளுக்குப் பிறகு ஒரு நாள் தனியாகப் பிடித்தேன். மதியம் மதினிக்குச் சோறு போடப் போனால், வேண்டாம் என்றார்.

"நானும் நோன்பு."

"ஒங்களுக்கு ஏது களா?"

"எனக்கொன்டும் இல்ல. நீ ஒத்தயில புடிக்கவா?"

மாலையில் பேரீச்சம்பழத்தையும் கஞ்சியையும் எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனோம். இனி யாருக்கும் ஒளித்துச் சாப்பிட வேண்டியதில்லை. ஆனாலும் மதினி எழுந்துபோய்க் கதவை ஒருக்களித்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.