அவசரம் என்று தலைப்பிடக் கூடாது

நல்லகண்ணு கட்டிக் காக்கும் 'பள்ளத்தாக்கு விவசாயிகள் மன்றம்' போலச் சுத்தமான இடம் அனுமந்தன்பட்டியில் வேறு கிடையாது, அவர் வீட்டுக் கொல்லை உட்பட. போனில் திறந்தால் நெல்லுக்கு ஒரு பகுதி, வாழைக்கு ஒரு பகுதி, திராட்சைக்கு ஒன்று, தண்ணீர் திறப்புக்கு ஒன்று. வாழைப் பகுதியில் யாராவது ஆட்டைப் பற்றிக் கேட்டால், அந்த ஆடு மேய்ந்தது வாழையையே என்றாலும், கால்நடைப் பகுதிக்கு ஓட்டிவிடுவார். காலை வணக்கம் சொன்னவர்கள் ஒரு வாரம் வாய் திறக்க முடியாது.

'அவசரம்' என்ற தலைப்பைப் பார்த்தால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். "என்னன்னு எழுத வலிக்குதாக்கும்!" என்பார். உள்ளே படிக்க மாட்டார். 'தலைப்பு திருத்த வேண்டியவை' என்ற மூலைக்குத் தள்ளிவிடுவார். அங்கே போன பதிவை அவரைத் தவிர யாரும் பார்க்க முடியாது. அவரும் பார்ப்பதில்லை.

போனில் கூப்பிட்டால் துண்டித்துவிட்டு, 'மன்றத்தில் உரிய பகுதியில் பதிவிடவும்' என்று ஒரு செய்தி தட்டுவார். கூடப்பிறந்த தங்கை உமாதேவிக்கும் அதே செய்திதான்.

அந்த உமாதேவியின் மாமனார் ராக்கையா ஒரு நாள் காலையில் மார்க்கையன்கோட்டையில் காலமானார். வயது முதிர்ந்த சாவு. அழுகையைவிட மரியாதைக் கணக்குதான் அதிகம். மருமகளின் பிறந்த வீட்டு மாலை விழாமல் பிணத்தை எடுத்தால், அவளுக்கு அது ஆயுசுக்கும் சொல்லிக்காட்டும் பேச்சு.

உமாதேவியின் மகள் அபிதா மாமனுக்குப் போன் போட்டாள். அதே செய்திதான் வந்தது. வேறு வழியின்றி எல்லோரும் பார்க்கும் தண்ணீர் திறப்புப் பகுதியில், 'அவசரம்' என்று தலைப்பிட்டு எழுதினாள்: 'தாத்தா தவறிட்டாக. சாயங்காலம் எடுக்குறோம். மாமா, அம்மா உங்க மாலைக்குக் காத்திருக்காக.'

'தங்கள் பதிவு கிடைத்தது, நன்றி' என்று உடனே பதில் வந்தது. எந்தப் பதிவுக்கும் தானாகப் போகிற பதில் அது.

"அண்ணன் பாத்துட்டாக," என்று உமாதேவி நிம்மதியானாள்.

அண்ணன் தலைப்பை மட்டும் பார்த்தார். தள்ளிவிட்டார்.

வெயில் இறங்கும்போது பக்கத்து வீட்டுப் பொன்னுராஜ் சாவு வீட்டில் துஷ்டி கேட்டுத் திரும்பி வந்து வண்டியை நிறுத்தினார். "ஏப்பா, அங்கன உன் தங்கச்சி வாசலையே பாத்துக்கிட்டு நிக்குது. நீ இங்கன போனை நோண்டிக்கிட்டு இருக்க?"

"எனக்கு யாரு சொன்னாக?"

"கெட்டதுக்கு வெத்தலை பாக்கா வைப்பாக?"

சின்னமனூரில் மாலை வாங்கிக்கொண்டு நல்லகண்ணு பறந்தார். போய்ச் சேர்ந்தபோது பெண்கள் வாசலைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். உமாதேவியின் பெரிய நாத்தனார் பஞ்சம்மாள் எல்லோருக்கும் கேட்கும்படி, "வந்துட்டாகளா பிறந்த வீட்டு ஆளுக! அடுத்த சாவுக்கு முந்தி வந்துட்டாகளே, அதுவே பெருசு," என்றாள்.

உமாதேவி அழவில்லை. ஈரத் துடைப்பத்தோடு நிமிர்ந்தாள்.

"தப்பான பகுதிக்கு வந்துட்டீக அண்ணே. மாலையெல்லாம் இப்ப சுடுகாட்டுப் பகுதியில. அங்கன நகத்துங்க."

சுடுகாட்டில் நெருப்பு நன்றாகப் பிடித்திருந்தது. மாலையை ஒரு கல்லின் மேல் வைத்துவிட்டு அவர் ஓரமாக நின்றார். பிறகு போனை எடுத்தார். அபிதாவின் பதிவைத் தேடி, முதல்முறையாக முழுதும் படித்தார். கண் கலங்கியது. தலைப்பை 'இரங்கல்: ராக்கையா' என்று திருத்தி, உரிய பகுதிக்கு மாற்றினார்.

அப்புறம், கைப்பழக்கத்தில், 'தீர்வு காணப்பட்டது' என்று குறியிட்டுப் பதிவைப் பூட்டினார்.