புதன்கிழமைச் சப்பாத்துகள்

புதன்கிழமை காலை பனிச்சறுக்கு அரீனாவின் உடைமாற்றும் அறையில் அக்னெஸ் முழந்தாளிட்டால் எழும்ப அரை மணித்தியாலமாவது ஆகும். நாலு, ஐந்து வயதில் பத்துப் பிள்ளைகள். இருபது ஸ்கேட் சப்பாத்துகள். பனியில் நிற்கவும் நகரவும், பிறகு சின்னக் கோல் பிடித்து ஹொக்கி விளையாடவும் பழக்குபவள் அரீனாவின் மரி-ஈவ். பகல்நேரக் குழந்தைக் காப்பகமான கார்டரியின் ஆசிரியை பிள்ளைகளை வரிசையில் வைத்திருப்பார். நாடா இழுத்துக் கட்டுவது உதவியாளர் அக்னெஸின் வேலை.

ஐம்பத்தாறு வயதுவரை அவர் ஒருநாளும் பனியில் கால் வைத்ததில்லை.

"அக்னெஸ், நீ ஏன் வாறேல்லை?" என்று றொக்சன் கேட்பான். நாலரை வயது. கார்டரியில் எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். "அன்ரி எண்டு சொல்லடா" என்று அவன் தாய் அனோஜினி வாசலில் வைத்து ஒவ்வொரு காலையும் திருத்துவாள்.

"நான் வந்தா ஐஸ் உடைஞ்சுபோமடா."

"ஓம், உடையும்" என்று அவன் அவருடைய உடம்பை அளந்து பார்த்து ஒப்புக்கொள்வான்.

மன்னாரிலிருந்து வந்த அக்னெஸ் பத்தொன்பது வருடம் ஒரு தையல் ஆலையில் காற்சட்டைகளுக்கு ஸிப் தைத்தார். அங்கே அவர் ஏழாம் மெஷின். ஆலையை மூடிய பிறகு பிரெஞ்சு வகுப்புக்குப் போய், இரண்டு முறை தவறி, மூன்றாம் முறை தேறி இந்த வேலையை எடுத்தார். இந்த நாட்டில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட முதல் வேலை. அதனால்தான் தன் விரல்களைப் பற்றி அவர் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை.

ஒக்டோபரில் வலது கைப் பெருவிரலும் பக்கத்து இரண்டு விரல்களும் மரத்துப்போயின. தேத்தண்ணிக் கோப்பை கையிலிருந்து நழுவியது. தையல் வேலையால் நரம்பு நசிந்துவிட்டது, ஒப்பரேஷன் செய்ய வேண்டும் என்றார் வைத்தியர். பேந்து பார்ப்போம் என்று அக்னெஸ் தள்ளிப்போட்டார்.

ஸ்கேட் நாடாவை அடியிலிருந்து ஒவ்வொரு கண்ணாக இழுத்து இறுக்கவேண்டும். கணுக்கால் அசையக்கூடாது. அந்த இழுவை அவர் கையில் இல்லை. ஆகவே மிஞ்சிய நாடாவைக் கணுக்காலைச் சுற்றி இரண்டு சுற்றுச் சுற்றி, மேலே பெரிய முடிச்சாகப் போட்டுவிடுவார். பார்ப்பவர்களுக்கு அது உறுதியான கட்டு. பிள்ளைகளோ "அக்னெஸ் கட்டினா நோகாது" என்று அவரிடமே ஓடி வந்தார்கள்.

ஜனவரியில் முதன்முதலாகக் கையில் கோல் கொடுத்த நாள். றொக்சன் பந்தைத் துரத்தி ஓடித் திரும்பினான். சப்பாத்து நின்ற இடத்தில் நிற்க, கால் மட்டும் திரும்பியது. அவன் கத்திய கத்தலில் மற்ற ஒன்பது பேரும் அழத் தொடங்கினார்கள். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்திருந்தது.

சப்பாத்தைக் கழற்றிய மரி-ஈவ் உள்ளே இரண்டு கம்பளிக் காலுறைகளைக் கண்டாள். சப்பாத்தும் ஒரு நம்பர் பெரிது. அடுத்த வருடமும் போடட்டும் என்று அனோஜினி வாங்கியது. குளிருமே என்று இரண்டு காலுறை. "இதுதான் காரணம்" என்றாள் மரி-ஈவ். கால் அளவுக்கே சப்பாத்து வாங்குங்கள், ஒரு மெல்லிய காலுறை போதும் என்று எல்லா வீட்டுக்கும் கடிதம் போனது. அதில் அனோஜினியின் பெயர் இல்லை. எல்லோரும் எல்லோரையும் அறிந்த பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் பெயர் தேவைப்படவும் இல்லை.

சப்பாத்து பெரிதுதானே? அது பொய் இல்லையே? இறுக்கிக் கட்டியிருந்தால் கால் நின்றிருக்குமா? அக்னெஸ் இரண்டு கிழமை தன்னையே கேட்டார். ஒவ்வொரு முறையும் மரத்த கையே பதில் சொன்னது.

ஞாயிறு தேவாலயத்தில் பூசை முடிந்து படியிறங்கும்போது அனோஜினி மறித்தாள். கணவன் மைக்கல் அவளோடு வரவில்லை.

"அன்ரி, மைக்கல் என்னோட கதைக்கிறேல்லை. உன்ர புத்தியாலதான் பிள்ளையின்ர கால் முறிஞ்சது எண்டு தன்ர தாயிட்டயும் சொல்லிப்போட்டார். நீங்கள்தானே கட்டினனீங்கள். அவ்வளவு லூசாவா கிடந்தது? இல்லையெண்டு அவரிட்ட ஒருக்காச் சொல்லுங்கோ."

அக்னெஸின் வலது கை கோட்டுப் பைக்குள் இருந்தது.

"நான் இறுக்கித்தான் கட்டினனான், பிள்ளை. சப்பாத்து... கொஞ்சம் பெரிசுதான்."

அனோஜினி தலையாட்டினாள். "அப்ப என்ர பிழைதான்" என்றாள்.

அடுத்த புதன் ஒன்பது பிள்ளைகள். முதல் பிள்ளை காலை நீட்டியது. அக்னெஸ் இழுத்தார், நாடா விரல்களுக்குள் வழுக்கியது. கணுக்காலைச் சுற்றினார். பிறகு சுற்றியதை அவிழ்த்தார்.

"மரி-ஈவ், எனக்கு ஏலாது. விரல் பிடிக்குதில்லை" என்று பிரெஞ்சில் சொன்னார்.

மரி-ஈவ் பக்கத்தில் குந்தி நாடாவை எடுத்தாள். "எப்போதிலிருந்து?"

இன்றைக்கு என்று சொல்லலாம். அதோடு முடிந்துவிடும்.

"ஒக்டோபர்."

மரி-ஈவின் கைகள் நின்றன. பிறகு பதினெட்டுச் சப்பாத்துகளையும் அவளே கட்டினாள். மத்தியானம் கார்டரி இயக்குநர் அக்னெஸைக் கூப்பிட்டு, நாளையிலிருந்து வரவேண்டாம், மிச்சத்தைக் கடிதத்தில் அறிவிப்போம் என்றார்.

மெட்ரோ வாசலில் நின்று அக்னெஸ் அனோஜினிக்கு ஃபோன் எடுத்தார். விரல்களிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னார்.

"ஞாயிற்றுக்கிழமை சொல்லியிருக்கலாமே, அன்ரி. முந்தநாள் மைக்கல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கர்க்லாண்டில இருக்கிற தன்ர தாய் வீட்ட போயிட்டார். என்னை வரவேண்டாமாம்."

"விலாசத்தைச் சொல்லு. நான் போய்ச் சொல்லுறன்."

"உங்களுக்கு அவை கதவு திறக்க மாட்டினம்."

"பரவாயில்லை, சொல்லு."

அனோஜினி சொன்னாள். பிறகு, அந்தப் பக்கம் பஸ் மணிக்கு ஒன்றுதான் என்றும் சொல்லிவிட்டு ஃபோனை வைத்தாள்.