பேக்கரி அக்காவின் பாராசூட் பை

பாராசூட்டை மடித்து முதுகில் மாட்டிக்கொள்ளும் பைக்கு அளவெடுப்பவர் ஆளைப் பார்த்ததுமே எடையைச் சொல்லிவிடுவார், குறைத்துச் சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார் என்று யாரோ சொன்னதாக யாரோ சொல்லி, வாராவாரம் விமானத்திலிருந்து குதிக்கப் பழகிவந்த பேக்கரி அக்கா கேள்விப்பட்டிருந்தாள். அதனால் உள்ள எடையையே சொன்னாள்.

அவரும் தோள், மார்பு, தொடை என்று டேப் வைத்து அளந்து படிவத்தில் எழுதிக்கொண்டே வந்தார். முதுகோடு ஒட்டிய சின்னப் பைதான் வேண்டும் என்று அவள் சொன்னதும் பேனாவை மூடிவிட்டார்.

“சின்னப் பைல சின்ன பாராசூட்தாம்மா அடங்கும். அது வேகமா இறக்கும்.”

“அடுத்த வருஷத்துக்குள்ள பழகிடுவேண்ணே.”

“வளர்ற பிள்ளைக்குக்கூட பெருசாத்தான் தைப்பாங்க. நீங்க என்னடான்னா தலைகீழா கேக்கறீங்க. பயிற்சியாளர் சரின்னா, அந்த அளவுல ஒண்ணை இரவல் வாங்கி ஒரு தடவை குதிச்சுப் பாருங்க. அதுவரைக்கும் ஆர்டர் அனுப்ப மாட்டேன்.”

மனுஷனுக்கு என்ன திமிர் என்று முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்குப் போனாள்.

சனிக்கிழமை இரவல் பாராசூட்டோடு குதித்தாள். தரை அவள் நினைத்ததைவிடச் சீக்கிரம் வந்துவிட்டது. உட்கார்ந்தபடியே புல்லில் வெகுதூரம் சறுக்கிப் போய் நின்றாள். முழங்கால் இரண்டும் சிராய்த்திருந்தன. மாவு பிசைந்து பிழைக்கிற கைகளை மடக்கி நீட்டிப் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. அந்தச் சின்னப் பைக்கு அவர் ஆர்டர் அனுப்பியிருந்தால், ஒவ்வொரு வாரமும் இப்படித்தான் இறங்கியிருப்பாள்.

எழுந்திருக்கக்கூட இல்லை, அளவெடுத்தவருக்கு ஃபோன் போட்டாள். பெரிய பையே போதும் என்பதைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம், முதலில் நன்றி சொல்லிவிட வேண்டும். பழைய பைகளைப் பழுது தைக்கும் மெஷின் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லையோ என்னவோ, மணி அடித்துக்கொண்டே இருந்தது.